கொழும்பை ஒரு நாளில் நடந்து பார்க்க: கையில் காசு குறைவு, என்ன மாதிரித் திட்டமிடலாம்?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் ரெண்டு பேர் வாறம். விடியக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி அன்றிரவே திரும்ப வேணும். ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செட்டியார் தெரு, சிவப்புப் பள்ளிவாசல், கடற்கரையில் இருக்கிற காலிமுகத்திடல் மூன்றும் கட்டாயம். பிறகு காலி வீதியால வெள்ளவத்தை வரைக்கும் நடக்கலாம் எண்டு யோசனை. ஓட்டோவுக்குக் காசு ஒதுக்கேல்ல. சரிவருமா?

ஆமர்வீதி:
முதல்ல நாளை மாத்துங்க. செட்டியார் தெருவும் பள்ளிவாசலும் இருக்கிற புறக்கோட்டைக் கடைத்தெருப் பகுதியில் ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டுத்தான். நடைபாதை வியாபாரம் மட்டும் இருக்கும். சனிக்கிழமை வாங்க. போயா நாளா (பௌர்ணமி விடுமுறை) எண்டு கலண்டரையும் ஒருக்காப் பாருங்க.

ரயிலால இறங்கினதும் பையைக் கோட்டை நிலையத்தில் பொதி வைக்கிற அறையில் குடுத்திட்டு வெறுங்கையோட கிளம்புங்க. தோளில் பையோட புறக்கோட்டைக்குள்ள போனால் சுமை தூக்கிற நாட்டாமிமாரின் தள்ளுவண்டி இடிக்கும், வழி விடாததுக்கு ஏச்சும் கிடைக்கும். அந்த நெரிசலில் அவங்களுக்குத்தான் முன்னுரிமை. "பாரம், பாரம்" எண்டு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓரமா ஒதுங்குங்க.

புறக்கோட்டையில் தெருவுக்கொரு சரக்கு, அதை வைச்சே வழி கண்டுபிடிக்கலாம். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல், 1909இல கட்டி முடிச்சது. செங்கல்லும் வெள்ளையும் வரிவரியா இருக்கும், தூரத்திலேயே தெரியும். நாலாம் குறுக்குத் தெருவுக்குள்ள போனால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மூக்கில் ஏறும், லொறி இறக்கிற நேரம் தும்மாமல் நடக்க ஏலாது. செட்டியார் தெரு நகைக்கடைக்குப் பேர்போனது எண்டாலும், அங்க பார்க்க வேண்டியது கதிரேசன் (முருகன்) கோயில்கள், பழசும் புதுசும். ஆடிவேல் திருவிழாத் தேர் அங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுறது.

அதே தெருவால வடக்கே போனால் கொச்சிக்கடை. அந்தோனியார் கோயிலில் பையைச் சோதிச்சுத்தான் விடுவாங்க, கைப்பையைத் திறந்து காட்டத் தயாரா இருங்க. செவ்வாயில் சனம் தாங்காது, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசர் சிவன் கோயில், முழுக்கக் கருங்கல். கொழும்பில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் எண்டால் நான் அதைத்தான் சொல்வன். நடுப்பகலில் நடை சாத்துவாங்க, காலமையே போங்க. வெயில் ஏறினால் கல் சுடும், செருப்பில்லாமல் நிக்க ஏலாது.

கோட்டைப் பகுதிக்குள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தவற விடாதீங்க. 1857இல மணிக்கூட்டுக்காகக் கட்டி, 1867இல மேல விளக்கு வைச்சுக் கலங்கரை விளக்காக்கினாங்க. சுற்றிவர உயரக் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைச்சதால 1952இல விளக்கு நிண்டுபோச்சு. ஜனாதிபதி மாளிகை, துறைமுகம், கடற்படைப் பக்கம் கமராவைத் தூக்காதீங்க. பொலிஸ்காரர் வேற வழியைக் காட்டினால் வாதாடாமல் சுத்திப் போங்க, அஞ்சு நிமிச வித்தியாசம்தான்.

தண்டவாளம்:
காலி வீதியால வெள்ளவத்தை வரைக்கும் நடக்கிறது வீண் வேலை. காலிமுகத்திடலில் இருந்து ஆறு கிலோமீற்றர், கடல் கண்ணில் படாது, பஸ் புகைதான் மிச்சம்.

இப்படிச் செய்யுங்க. பின்னேரம் மூன்று, மூன்றரை மணிபோல கோட்டையில் மூன்றாம் வகுப்பு ரிக்கெற் எடுத்துக் கரையோரப் பாதை ரயிலில் வெள்ளவத்தைக்குப் போங்க. விரைவு ரயில் எல்லா நிலையத்திலயும் நிக்காது, ஏற முதல் கேளுங்க. வலது பக்க ஜன்னலில் முழுக்கக் கடல். ரிக்கெற்றை எறிஞ்சிடாதீங்க, வெளியில் போகேக்க வாங்குவாங்க, இல்லாட்டித் தண்டம்.

திரும்பி வரேக்க கடலோர வீதியான மரைன் டிரைவால கொள்ளுப்பிட்டி வரை நடக்கலாம், கிட்டத்தட்ட நாலு கிலோமீற்றர். நிழல் அறவே இல்லை, அதனாலதான் பின்னேரம் எண்டு சொல்றன். தெருவுக்கும் கடலுக்கும் நடுவில தண்டவாளம். சனம் அதிலேயும் நடக்கும், நீங்க நடக்காதீங்க. சட்டப்படி குற்றம் எண்டது ஒரு பக்கம். அலைச் சத்தத்தில் ரயில் வாறது காதில விழாது, ரெட்டைப் பாதை வேற: ஒரு ரயிலுக்கு விலகினவர் மற்றப் பாதையில் போய் நிக்கிறார். ஜூனில் கடல் கொந்தளிப்பு, பாறையில் இறங்குறதும் குளிக்கிறதும் வேண்டாம். குடை காற்றில் திரும்பிவிடும், மழைக்கோட்டு நல்லது.

கல்லடிப்பாலம்:
சனிக்கிழமைக்கு மாத்திட்டம், நன்றி. பதினொன்று தொடக்கம் மூன்று வரை வெயிலில் என்ன செய்யிறது? சாப்பாட்டுக்கு எங்க போறது?

பிளேன்டீ:
138 பஸ்ஸில் புறக்கோட்டையில் ஏறி நகர மண்டபத்தில் இறங்குங்க. சில்லறை வைச்சிருங்க, பெரிய தாளை நீட்டினால் மிச்சம் பிறகு எண்டுவார், நீங்க மறந்துபோவீங்க. எதிரே விகாரமகாதேவிப் பூங்கா. மர நிழலால ஊடறுத்து நடந்தால் மறுபக்கம் தேசிய நூதனசாலை, 1877இல திறந்தது. உள்ளூர்க்காரருக்கு ரிக்கெற் மலிவு, அடையாள அட்டை கொண்டு போங்க. கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் சனம் கூடும். நீங்க காலியில் 1911இல கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடுங்க. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கு. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைத் தேனாவரை நாயனார் எண்ட தெய்வத்துக்குக் குடுத்த காணிக்கையைச் சொல்லுது.

சாப்பாடு: புறக்கோட்டையை விட்டு வெளிக்கிட முதல் செட்டியார் தெருப் பக்கத்துச் சைவக்கடை ஒன்றில் முடிச்சிடுங்க. சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவாங்க. சோத்துப் பார்சல் வாங்கினால் ஒண்டே ரெண்டு பேருக்குப் போதும். தேத்தண்ணிக் கடையில் தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பற்றிஸ் கொண்டுவந்து வைப்பாங்க. பயப்படாதீங்க, எடுத்ததுக்கு மட்டும்தான் கணக்கு. தொட்டுத் தொட்டு வைக்காமல் எடுங்க.

காலிமுகத்திடலில் இறால் வடையை விலை கேட்டிட்டு வாங்குங்க. நல்ல கூட்டம் நிக்கிற வண்டியில் எண்ணெயில் இருந்து இறக்கினதா வாங்குங்க, காலமை பொரிச்சு அடுக்கினது வேண்டாம். அந்தப் பக்கம் யாரும் வந்து "இண்டைக்குக் கோயிலில் விசேஷம், யானை வருது, ஓட்டோவில் வாங்க" எண்டால் கும்பிடு போட்டிட்டு நடங்க. வெளிநாட்டவருக்கு எறியிற தூண்டில் எண்டாலும், பையோட திரியிற வெளியூராரும் சிக்குறாங்க.

ஆமர்வீதி:
ஒரு திருத்தம்: கொள்ளுப்பிட்டியிலிருந்து காலிமுகத்திடலுக்கு இன்னும் இருபது நிமிச நடை இருக்கு. ஆறு மணிக்கு முன்னம் போய்ச் சேராட்டிப் பொழுது பட்டிடும். வெள்ளவத்தையில் நாலரைக்குள்ள நடக்கத் தொடங்குங்க, பிந்தினால் பம்பலப்பிட்டியில் ரயில் ஏறுங்க. திடலில் இருந்து கோட்டை நிலையத்துக்கு அரை மணித்தியாலம் வையுங்க. பொதி அறை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க எண்டு காலமை பையைக் குடுக்கேக்கயே கேளுங்க. அதைக் கேட்காமல்தான் கனபேர் பையை உள்ள விட்டிட்டு ரயிலேறுறது.