3 இரவு ரோம்: விமான டிக்கெட் மலிவு, மற்றதெல்லாம் எகிறுகிறது. எங்கே குறைக்கலாம்?

நடைவண்டி கேட்கிறார்:

இருவர், 3 இரவு 4 பகல். வேறோர் ஐரோப்பிய நகரத்திலிருந்து மலிவு விமானத்தில் ரோம் போகிறோம். டிக்கெட் விலை கையைக் கடிக்கவில்லை. ஆனால் தங்குமிடம், ஏர்போர்ட் போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, சாப்பாடு என்று கூட்டினால் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு வருகிறது. ரோமா பாஸ் (சில இடங்களின் நுழைவும் நகரப் போக்குவரத்தும் சேர்ந்த அட்டை) வாங்கலாமா? அருங்காட்சியகம் இலவசமாகத் திறக்கும் ஞாயிறைப் பார்த்துத் தேதி வைக்கலாமா? ரோம்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை.

தண்டவாளம்:

தங்குமிடத்திலிருந்து தொடங்குங்கள். முன்பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் நகர வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 3 நட்சத்திர ஹோட்டலில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, 4 நட்சத்திரத்தில் 7.50. உங்கள் கணக்குக்கு 36 அல்லது 45 யூரோ, ஹோட்டலிலேயே தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு அறைகளை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஊருக்கு வெளியே மலிவாக அறை கிடைக்கிறது என்று போனால், மெட்ரோ ஏ அல்லது பி தடத்து நிலையத்திலிருந்து 10 நிமிட நடைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ரோ இரவு 11.30 வரைதான், வெள்ளியும் சனியும் மட்டும் 1.30 வரை. அதைத் தவறவிட்டு ஒரே ஒரு முறை டாக்சி பிடித்தாலும் அறையில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஒருவருக்கு 14 யூரோ, 32 நிமிடம். விமான நிலையத்திலிருந்தே கிளம்பும் எஃப்எல்1 சாதாரண ரயில் 8 யூரோ. இது டெர்மினிக்குப் போகாது. த்ராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்த்தினா வழியாகப் போகும். ஒஸ்தியென்சேயில் இறங்கினால் பக்கத்திலேயே பிரமிதே மெட்ரோ, பி தடம். அதற்கு 1.50 தனி டிக்கெட். இருவருக்கு 28 யூரோவுக்குப் பதில் 19. போக வர 18 யூரோ மிச்சம். காகித ரயில் டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். டிக்கெட் கையில் இருந்தும் பலர் அபராதம் கட்டுவது இதனால்தான்.

நகருக்குள் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். பேருந்து எத்தனை மாறினாலும் சரி, மெட்ரோ ஒரு பயணம்தான். நாள் பாஸ் வாங்கினால் ஒரு நாளில் 5 முறைக்கு மேல் ஏறினால்தான் கட்டுபடியாகும். ரோமின் நடுப்பகுதி நடந்தே பார்க்கக் கூடியது, அத்தனை முறை ஏற மாட்டீர்கள். வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

ரோமா பாஸ்: 72 மணி நேரப் பாஸில் முதல் 2 இடங்கள்தான் இலவசம், மற்றவற்றுக்குத் தள்ளுபடி. வத்திக்கான் அருங்காட்சியகம் இதில் சேராது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் உறுதியாகப் போகப்போகும் 2 இடங்களின் கட்டணத்தோடு, ஒரு நாளுக்கு 4 பயணம் வீதம் 3 நாளுக்கு 18 யூரோவைக் கூட்டிப் பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். கொலோசியம், அதையடுத்த பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரம், பாலட்டைன் மூன்றும் சேர்ந்தே 18 யூரோ. கொலோசியமும் வத்திக்கானும் மட்டும் பார்ப்பவருக்குப் பாஸ் நஷ்டம்.

மூட்டைமுடிச்சு:

விமான டிக்கெட் மலிவு என்கிறீர்களே, பையையும் சேர்த்தா? ரயன்ஏர், விஸ்ஏர் இரண்டிலும் இலவசப் பை 40×30×20 செ.மீ. ஈஸிஜெட்டில் 45×36×20. சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும். 4 நாளுக்குச் சக்கரமில்லாத துணிப்பையே போதும். கொஞ்சம் பிதுங்கினாலும் அமுங்கிக் கொடுக்கும், கெட்டிப் பெட்டி கொடுக்காது. வாயிலில் பிடித்தால் கேட்கும் பணம் டிக்கெட்டையே தாண்டிவிடக்கூடும்.

இன்னொன்று, ஏடிஎம்மும் கடைகளின் அட்டை இயந்திரமும் உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கவா என்று கேட்கும். எப்போதும் யூரோ என்றே அழுத்துங்கள். தெரிந்த பணத்தில் காட்டுவது வசதிதான், ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த இயந்திரத்துக்காரர்.

மாலைநேரம்:

இலவச ஞாயிறு பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், கொலோசியமும் அதில் சேரும். வத்திக்கான் கடைசி ஞாயிறு. காலை 9 முதல் பிற்பகல் 2 வரை, 12.30க்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். ஊரே வரிசையில் நிற்கும். மொத்தம் 4 பகலில் அரைப் பகலை வரிசைக்குக் கொடுப்பது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை. அந்த ஞாயிறு அங்கே இருக்க நேர்ந்தால் கூட்டம் குறைந்த சிறிய அருங்காட்சியகங்களுக்குப் போங்கள்.

ரோமில் எந்நாளும் காசில்லாமல் பார்க்கக் கூடியவை ஏராளம். சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் 3 ஓவியங்கள், சாந்தா மரியா தெல் போப்போலோவில் 2. விளக்கு எரிய நாணயம் போட வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். புனித பேதுரு பேராலயமும் இலவசம், குவிமாடம் ஏறத்தான் கட்டணம். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

தண்ணீருக்குச் செலவழிக்கவே வேண்டாம். தெருவெங்கும் நசோனி என்ற இரும்புக் குழாய்கள், சுமார் 2500 இருக்கின்றன, குடிநீர்தான். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். காபியை நின்றபடி கவுண்டரில் குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால், அதுவும் பெரிய சதுக்கத்தில், அதே காபி பல மடங்கு.

பிடிவாதம் இல்லையென்றால் மாட்ரிட். அங்கே பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி மாலை 6–8, ஞாயிறு 5–7 இலவசம், மாதத்துக்கு ஒரு நாள் என்றில்லை. ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் மாலை 7–9 (செவ்வாய் விடுமுறை, ஞாயிறு மட்டும் பகல் 12.30–2.30). வார நாள் மதியம் உணவகங்களில் மெனு தெல் தியா கேளுங்கள்: இரண்டு பதார்த்தம், இனிப்பு, ரொட்டி, பானம் எல்லாம் ஒரே விலையில். மதியம் அதைச் சாப்பிட்டு இரவை எளிதாக முடிப்பவருக்கு, எனக்குத் தெரிந்து இதைவிட லாபமான ஏற்பாடு மேற்கு ஐரோப்பியத் தலைநகரங்களில் குறைவு. விமான நிலைய மெட்ரோவுக்கு வழக்கமான கட்டணத்துக்கு மேல் 3 யூரோ.

நடைவண்டி:

மிக்க நன்றி. பாஸை விட்டுவிட்டேன், ரோமே போகிறோம். கொலோசியம் டிக்கெட்டை எப்போது வாங்குவது? இணையத்தில் 18 யூரோவுக்கு எங்கும் கண்ணில் படவில்லை.

தண்டவாளம்:

தேடலில் முதலில் வருபவை மறுவிற்பனைக்காரர்கள். கொலோசியத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாள் முன்னதாகத் திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீரும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். எனவே இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.