கீசர் போட்டால் குழாயில் ஷாக்: வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டவர், குன்னூர்:
பழைய வீட்டின் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து இரண்டு மாதம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து குளியலறைச் சுவர் ஊறிக் கிடக்கிறது. கீசரைப் போட்டுவிட்டுக் குழாயைத் திருகினால் விரலில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது. நேற்று என் நாலு வயது மகள், "அம்மா, தண்ணி கடிக்குது" என்று கையை இழுத்துக்கொண்டாள். அதிலிருந்து அடுப்பில்தான் வெந்நீர். "த்ரீ பின் பிளக்தானே, எர்த் இருக்கு, ஈரத்துக்கு அப்படித்தான்" என்கிறார் ஹவுஸ் ஓனர். மெயினில் பீங்கான் பீஸ் கேரியர் மட்டும். எதைச் சோதிக்கச் சொல்வது?

ஊட்டி:
எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரிலிருந்து, எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் கொடுத்தார்கள். இப்போது ஷாக் இல்லை.

கோத்தகிரி வயர்மேன்:
ஊட்டி நண்பரே, அந்தத் துண்டை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். மரம் விழுந்து நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டும் கீசர் உடம்புக்கு வந்துவிடும். நம் ஊரில் மரம் விழாத மழைக்காலம் உண்டா?

தங்கச்சி, மெயினை இறக்கிவிட்டுக் கீசர் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கசிவு கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் இருக்கலாம், சுவருக்குள் ஊறிய வயரிலும் இருக்கலாம். எர்த் வயர் வழியே மண்ணுக்குப் போக வேண்டிய கசிவுக் கரண்ட்தான் உங்கள் கைக்கு வருகிறது. மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருப்பதாக ஆகாது. போன மாதம் நான் கழற்றிய சாக்கெட் ஒன்றில் எர்த்துக்கான பச்சை வயர் டேப் சுற்றி மடித்துச் சொருகிக் கிடந்தது.

உரிமம் உள்ள வயர்மேன் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் 100 வாட் பல்பைப் போட்டுப் பார்க்கட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் போட்டாலும் அதே வெளிச்சம் வர வேண்டும். அப்போது யாரும் குழாயைத் தொடக்கூடாது. அப்புறம் மெயினை இறக்கி, கசிவை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரில் வயரிங்கையும் கீசரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கசிவுதான்.

பீஸை நம்பாதீர்கள். 2000 வாட் கீசரே ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கும் பீஸுக்கு, ஆளைக் கொல்லும் சில பத்து மில்லி ஆம்பியர் தெரியவே தெரியாது. அதற்கு, கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. செலவு யாருடையது?

கொடைக்கானல்:
2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால், வயரிங் ஓனர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், கீசர் ரிப்பேர் நம்முடையது. அளவுகளை எழுதி வாங்கி அவருக்கு அனுப்புங்கள்.

கேட்டவர், நான்கு நாள் கழித்து:
சாக்கெட்டுக்குள் பச்சை வயரே இல்லை. சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். வயரிங் 5 மெகா ஓம், கீசர் 0.2. ஓனர் கூடவே நின்று பார்த்தார். எர்த் குழியும் ஆர்சிசிபியும் தன் செலவு என்று ஒப்புக்கொண்டார், காயில் எங்களுடையது. ஆர்சிசிபி மாட்டி டெஸ்ட் பட்டனை அழுத்தினோம், டக்கென்று விழுந்தது. ஆனால் குழி மூன்றடியிலேயே பாறை தட்டிவிட்டது. என்ன செய்வது அண்ணா?

கோத்தகிரி வயர்மேன்:
அங்கேயே விட்டுவிடாதீர்கள். வீட்டைச் சுற்றி எப்போதும் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள், வயர் கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று எர்த் டெஸ்டரில் அளந்து காட்டும்வரை கீசர் பிளக்கை மாட்ட வேண்டாம்.