கூழ் பம்புல மெக்கானிக்கல் சீல் அஞ்சு நாளுக்கு மேல தாங்கலை, மறுபடி கிளாண்டு கயிறுக்கே போயிடலாமா?

காவேரிப்பட்டணம் ஃபிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாங்கூழ் ஆலையில மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருக்கேன். ஐடிஐ முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. இப்போ சீசன் உச்சம். தோத்தாபுரி லோடு ராத்திரி பகல்னு இல்லாம வந்துக்கிட்டிருக்கு.

கூழைச் சலிக்கற ஃபினிஷர்ல இருந்து விழறதை மேல் டேங்குக்கு ஏத்த ஒரு ஸ்க்ரூ பம்பு இருக்கு. முன்னாடி அதுல கிளாண்டு கயிறுதான், ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்துல ஒழுகாம சுத்தி அடைக்கற கயிறு. நார் பிரிஞ்சு கூழ்ல கலந்துடும்னு ஆடிட்ல எழுதிட்டாங்க. அதனால போன வருஷம் மெக்கானிக்கல் சீலுக்கு, அதாவது ரெண்டு மட்டமான வளைய முகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சுத்தி அடைக்கற வகைக்கு மாத்தினோம். சிங்கிள் சீல், ஒரு முகம் கார்பன், இன்னொண்ணு சிலிக்கான் கார்பைடு. வெளிப்பக்கம் முகத்தைக் கழுவ ஃப்ளஷிங் தண்ணி போகுது.

இந்த சீசன்ல மட்டும் மூணு சீல் போயிடுச்சு. முதல்ல போட்டது அஞ்சு நாள், அடுத்தது நாலு நாள், கடைசியா போட்டது மூணே நாள். ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு சொட்டு வராது. லோடு லேட்டாகி நாலஞ்சு மணி நேரம் நிறுத்தி வச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ணினா அப்போதான் ஒழுகும். தரையெல்லாம் பிசுபிசுன்னு ஆகி ஈ மொய்க்குது. நேத்து ராத்திரி ஷிஃப்ட் முழுக்க அடியில பக்கெட் வச்சுத்தான் ஓட்டினோம்.

சீல் குடுத்தவங்க ஃபிட்டிங் சரியில்லைங்கறாங்க. டயல் வச்சுப் பார்த்துட்டேன், ஷாஃப்ட் ஆட்டம் 0.03 மி.மீ. தான். சூப்பர்வைசர் பழையபடி கயிறே கட்டிடலாம்னு சொல்றார். தப்பு என் கையிலதானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

ஓசூர் டூல்ரூம்:

கூம்பு ஸ்ப்ரிங் போட்ட சீலா? அப்படின்னா சுத்துற திசையைப் பாருங்க. அந்த வகையில இடது கைக்கு ஒண்ணு, வலது கைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும். திசை மாறினா ஸ்ப்ரிங் ஷாஃப்ட்டை இறுக்கறதுக்குப் பதிலா நழுவிடும். எங்க கம்பெனியில டிஜி செட் (ஜெனரேட்டர்) வேலை பார்த்தவங்க ரெண்டு ஃபேஸை மாத்திக் குடுத்துட்டாங்க. கூலன்ட் பம்பு தண்ணி தள்ளிக்கிட்டேதான் இருந்தது, கொஞ்சம் கம்மியா. சீல் போன பிறகுதான் பம்பு தலைகீழா சுத்தறதே தெரிஞ்சது.

அது இல்லைன்னா ஷாஃப்ட்ல ஏத்தற ரப்பர் வளையம் இருக்கே, ஓ-ரிங், அதை வைட்டான் ரப்பருக்கு மாத்திப் பாருங்க. விலை கூடுதல், ஆனா தாங்கும்.

காவேரிப்பட்டணம் ஃபிட்டர்:

நேர் ஸ்ப்ரிங்தான் அண்ணா. ஸ்க்ரூ பம்பு தலைகீழா சுத்தினா கூழே ஏறாது, அதனால திசை சரியாத்தான் இருக்கு.

பர்கூர் பழைய ஃபிட்டர்:

தம்பி, கழட்டின மூணு சீலும் எங்க இருக்கு? ஸ்கிராப்புல போட்டிருந்தா முதல்ல போய் எடுத்துட்டு வாங்க. என்ன நடந்ததுன்னு அதுங்களுக்குத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷமா பம்பு வேலை பார்க்கறேன். முதல்ல கிரானைட் பாலிஷ் யூனிட், அப்புறம் கூழ் ஆலைங்க. போன சீலைப் பார்க்காம புதுசு மாட்டின ஒவ்வொரு தடவையும் அந்தப் புதுசும் அதே மாதிரிதான் போயிருக்கு.

கழுவாதீங்க, துடைக்காதீங்க. நல்ல வெளிச்சத்துல வச்சு இதெல்லாம் பார்த்து எழுதுங்க.

கார்பன் முகத்தோட உள் ஓரம், வெளி ஓரம் ரெண்டுலயும் சில்லு தெறிச்சிருக்கான்னு பாருங்க. சிலிக்கான் கார்பைடு முகத்துல காத்துப் பக்கம், அதாவது ஃப்ளஷிங் தண்ணி படற பக்கம், ஏதாவது படிஞ்சு இருக்கா? வெள்ளையா, பழுப்பா? அந்தப் படிவை நகத்தால கொஞ்சம் சுரண்டி ரெண்டு இடத்துல வையுங்க. ஒண்ணு மேல எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, இன்னொண்ணு மேல வெந்நீர் ஒரு சொட்டு. சாறு பட்டு நுரைச்சா சுண்ணாம்பு. வெந்நீர்ல அப்படியே கரைஞ்சு போனா சர்க்கரை.

அடுத்து ஓ-ரிங். பழசையும் புதுசையும் வெர்னியர்ல அளந்து எழுதுங்க. இறுக்கிப் பிடிக்காம, தொட்டும் தொடாமலும் அளக்கணும்.

ஃப்ளஷிங் தண்ணி எந்தத் தண்ணி, எப்போ திறக்கறீங்க, எப்போ மூடறீங்க, இதையும் சொல்லுங்க.

வைட்டான் பத்தி ஓசூர் தம்பி சொன்னது எண்ணெய் ஓடற இடத்துக்குச் சரி. கூழ் லைன்ல தினமும் சிஐபி, அதாவது பிரிக்காமலே லைனைக் கழுவறது நடக்கும், சூடான காஸ்டிக் சோடா ஓடும். சூட்டுல காஸ்டிக் பட்டா சாதா வைட்டான் விறைச்சு வெடிப்பு விடும். இங்க ஈபிடிஎம் ரப்பர்தான் சரி.

காவேரிப்பட்டணம் ஃபிட்டர்:

ரெண்டு கிடைச்சது அண்ணா, மூணாவது போயிடுச்சு. மத்தியானம் கேன்டீன்ல எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து நீங்க சொன்னபடி செஞ்சேன்.

ரெண்டு சீல்லயும் கார்பனோட ஓரம் சில்லு சில்லா போயிருக்கு. முகத்துல கோடு கோடா கீறல், ரிக்கார்டு தட்டு மாதிரி. சிலிக்கான் கார்பைடு முகத்துல தண்ணிப் பக்கம் வெள்ளையா ஒரு வளையம். சாறு பட்டதும் பொசபொசன்னு நுரைச்சது! கூழ்ப் பக்கம் தேன் கலர்ல ஒட்டிக்கிட்டு இருந்தது வெந்நீர்ல கரைஞ்சு போச்சு.

ஓ-ரிங் புதுசு 3.53 மி.மீ., ஈபிடிஎம். பழசு 4.1 இருக்கு, கையில எடுத்தா கொழகொழன்னு இருக்கு. மாட்டும்போது ஷாஃப்ட்ல சுலபமா ஏறட்டும்னு பேரிங் கிரீஸ் தடவினேன்.

தண்ணி போர் தண்ணிதான். மோட்டாரை நிறுத்தினதும் வால்வை மூடிடுவோம், தண்ணி வீணாகக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்காங்க.

பர்கூர் பழைய ஃபிட்டர்:

அருமையா பார்த்திருக்கீங்க. உங்க ஃபிட்டிங்ல ஒரே ஒரு தப்பு, அந்தக் கிரீஸ். மத்தது எல்லாம் தண்ணியோட வேலை. ஒண்ணொண்ணா சொல்றேன்.

சீலோட ரெண்டு முகமும் எவ்வளவு மட்டமா இருக்கும் தெரியுமா? லேப்பிங் பண்ணி, அதாவது நைசாத் தேய்ச்சு, ஹீலியம் விளக்கு வெளிச்சத்துல கண்ணாடித் தட்டு வச்சு கோடு எண்ணுவாங்க. ஒரு கோடு 0.29 மைக்ரான். ரெண்டு மூணு கோட்டுக்குள்ள இருந்தாத்தான் பாஸ். மொத்தமே ஒரு மைக்ரானுக்குள்ள. நம்ம தலைமுடி தடிமன் அதைப்போல அம்பது அறுபது மடங்கு. அந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவப் படலம் நிக்குது. ஓடற வரைக்கும் முகங்களைக் காப்பாத்தறது அந்தப் படலம்தான்.

உங்க பம்புல அந்தப் படலத்துல ஒரு பக்கம் மாங்கூழ், இன்னொரு பக்கம் போர் தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணி எப்படின்னு குண்டான் அடியைப் பார்த்தாலே தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல்ல இருந்து குடிநீர் கொண்டு வந்ததே நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம்னுதான். அதோட சுண்ணாம்பு உப்பும் நிறைய. முகம் உரசற சூட்டுல தண்ணி ஆவியாகுது, உப்பு அங்கயே தங்கிடுது. அதுதான் நீங்க பார்த்த வெள்ளை வளையம். அதோட துகள் முகத்துக்கு நடுவுல நுழைஞ்சு கார்பனை எமரித் தாள் மாதிரி அறுக்குது. கோடு கோடா கீறல் வந்தது அதனாலதான்.

இப்போ சில்லுக்கு வருவோம். மோட்டார் நின்னதும் நீங்க தண்ணியை மூடறீங்க. முகத்துல இருக்கற கூழ் நாலு மணி நேரத்துல காய்ஞ்சு ரெண்டு முகத்தையும் பசை போட்ட மாதிரி ஒட்டிடுது. அப்புறம் ஸ்டார்ட்டரை அழுத்தினா மோட்டார் ஒரே இழுப்புல பிய்ச்சு எடுக்குது. கார்பன் சில்லு தெறிக்கறது அங்கதான். ஓடும்போது ஒழுகாம நிறுத்தி எடுக்கும்போது மட்டும் ஒழுகறதுக்கு இதுதான் காரணம்.

ஓ-ரிங் கதை வேற. ஈபிடிஎம் ரப்பருக்கு வெந்நீர் ஒத்துக்கும், நீராவி ஒத்துக்கும், காஸ்டிக் ஒத்துக்கும். மினரல் எண்ணெயும் கிரீஸும் மட்டும் ஒத்துக்காது, குடிச்சு ஊதிடும். ஊதின ஓ-ரிங் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டா சீலோட தலை முன்னால நகராது. முகம் தேயத் தேய ஸ்ப்ரிங் தள்ளிக் குடுக்கணும் இல்லையா? தள்ள முடியாம நின்னுடும். அடுத்த தடவை கொஞ்சம் சோப்புத் தண்ணி போதும், இல்லைன்னா உணவுத் தரத்து சிலிக்கான் கிரீஸ்.

இந்த ஓ-ரிங்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நீல்ஸ் கிறிஸ்டென்சன்னு டென்மார்க்ல பிறந்து அமெரிக்காவுல குடியேறினவர். எழுபது வயசுக்கு மேல உட்கார்ந்து இதுக்காக முயற்சி பண்ணி 1937ல பேட்டன்ட் கேட்டார், 1939ல கிடைச்சது. வளையம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவர் கண்டுபிடிச்சது பள்ளத்தோட அளவு. ரப்பர் தடிமனைப்போல ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பள்ளம் வெட்டினா வளையம் அதுக்குள்ள லேசா உருண்டு அசையும், அழுத்தம் வந்ததும் ஒரு ஓரமா ஒதுங்கி அடைச்சுக்கும். அடைக்க வேண்டிய அழுத்தமே அடைக்கற வேலையையும் செய்யுது. 1795ல இங்கிலாந்துல ஜோசப் பிரமாங்கறவர் ஹைட்ராலிக் பிரஸ் செஞ்சப்போ அவர்கிட்ட வேலை பார்த்த மாட்ஸ்லே தோல்ல கிண்ணம் மாதிரி செஞ்சு வச்சதும் இதே யோசனைதான். தண்ணி உள்ளே புகுந்து தோலை விரிச்சுச் சுவரோட ஒட்டிடும். அணைக்கட்டு ஷட்டர் ஓரத்துல குமிழ் வச்ச ரப்பர் பட்டை இருக்குமே, அதையும் தண்ணிதான் அழுத்திப் பிடிக்குது.

உங்க 4.1 மி.மீ. ஓ-ரிங் அந்தப் பள்ளத்துல உருள இடமே இல்லாம அடைஞ்சு கிடந்திருக்கு.

இனி செய்ய வேண்டியதைச் சொல்றேன். போர் தண்ணியை நிறுத்துங்க. பாய்லர் கண்டன்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து வர்ற தண்ணியைப் பிடிச்சு ஃப்ளஷிங்குக்குக் குடுங்க, அதுல உப்பு இருக்காது. நிமிஷத்துக்குக் கால் லிட்டர்ல இருந்து அரை லிட்டர் போதும், மக்கும் வாட்சும் வச்சு அளந்துக்கங்க. அழுத்தம் ஒரு பாருக்கு மேல போகக் கூடாது, வெளியில இருக்கற லிப் சீல் மடங்கிடும். மோட்டார் நின்ன பிறகும் பத்து பதினைஞ்சு நிமிஷம் தண்ணி ஓடட்டும். ரொம்ப நேரம் நிறுத்தி வச்சிருந்தா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிட்டு கப்ளிங்கைக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க.

அடுத்த தடவை வாங்கும்போது ரெண்டு முகமும் சிலிக்கான் கார்பைடாவே கேளுங்க. சர்க்கரைக்கும் துகளுக்கும் அது ஈடு குடுக்கும். ஆனா தண்ணி இல்லாம வறண்டு ஓடினா கார்பனை விடச் சீக்கிரம் வெடிச்சிடும், ஞாபகம் வச்சுக்கங்க.

போச்சம்பள்ளி குவாலிட்டி:

ஐயா, ஒரே ஒரு இடத்துல நான் மறுக்கணும். நான் கூழ் ஆலையில தரக் கட்டுப்பாட்டுல இருக்கேன். கண்டன்சேட்டுல பாய்லர்ல போடற கெமிக்கல் கலந்து வர வாய்ப்பு இருக்கு. ஸ்க்ரூ பம்புல சீல் பெரும்பாலும் உறிஞ்சற பக்கம்தான் இருக்கும். முகம் லேசாத் தேய்ஞ்சாலே வெளித் தண்ணி கூழுக்குள்ள இழுபடும். அதனால ஃப்ளஷிங் தண்ணி குடிக்கற தரத்துல இருக்கணும். ஆர்ஓ தண்ணி குடுக்கறதுதான் பாதுகாப்பு.

பர்கூர் பழைய ஃபிட்டர்:

நீங்க சொல்றதுதான் சரி அம்மா. நான் இயந்திரத்தை மட்டும் நினைச்சுச் சொல்லிட்டேன். தம்பி, கண்டன்சேட் வேண்டாம், ஆர்ஓ தண்ணியே குடுங்க. அசெப்டிக் பக்கத்துப் பம்பை, அதாவது கிருமி நீக்கின கூழ் போற பம்பைத் தொடாதீங்க, அதுல டபுள் சீல் போட்டு நடுவுல நீராவி ஓடும். அங்க பச்சைத் தண்ணி போகவே கூடாது.

பாலக்கோடு:

நடுவுல நுழையறேன். எங்களுக்குச் சாதாரணத் தண்ணிப் பம்புதான், கிளாண்டு கயிறு. ஒரு சொட்டுகூட வராம இறுக்கினா மூணு மாசத்துல ஷாஃப்ட் மேல மாட்டின ஸ்லீவ் தேய்ஞ்சு பள்ளம் விழுது. என்ன பண்றது?

பர்கூர் பழைய ஃபிட்டர்:

ஒரு சொட்டுகூட வராம இறுக்கறதுதான் காரணம். கயிறுக்கு அந்தச் சொட்டுதான் எண்ணெய், நிமிஷத்துக்கு நாப்பது அறுபது சொட்டு விழட்டும். ஜேம்ஸ் வாட் காலத்துலயே சணல் கயித்தைக் கொழுப்புல ஊற வச்சுத்தான் அடைச்சாங்க, வறண்ட கயிறு உலோகத்தைத் தின்னுடும்னு அப்பவே தெரியும். கயித்தை நீளமா சுத்திச் சுத்தி நுழைக்காதீங்க. அதே தடிமன் கம்பியில சுத்தி, தனித்தனி வளையமா வெட்டி, ஒவ்வொரு வளையத்தோட வாயும் முந்தினதுக்குத் தொண்ணூறு டிகிரி தள்ளி வர்ற மாதிரி போடுங்க. நட்டைக் கையால மட்டும் இறுக்கிட்டு ஓட விடுங்க. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு பக்கமும் சமமா, கொஞ்சம் கொஞ்சமா ஸ்பேனர் போடுங்க. ஸ்லீவை மட்டும் முதல்ல மாத்திடுங்க, பள்ளம் விழுந்த ஸ்லீவ்ல எந்தக் கயிறும் நிக்காது.

காவேரிப்பட்டணம் ஃபிட்டர்:

இன்னிக்குப் பதினெட்டாவது நாள். சீல் ஒழுகலை!

ஆர்ஓ லைன்ல இருந்து கால் இஞ்சு டியூப் இழுத்துட்டேன். தண்ணி வீணாகும்னு சூப்பர்வைசர் முதல்ல ஒத்துக்கலை. பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஆகற தண்ணியை பக்கெட்ல பிடிச்சுக் காட்டினேன். ஆறு லிட்டர்கூட இல்லை. அதே பக்கெட்டைத்தான் முன்னாடி ஒழுகற கூழுக்கு வச்சிருந்தோம். மோட்டார் நின்னாலும் வால்வு திறந்தே இருக்கணும்னு ஸ்டார்ட்டர் பக்கத்துல பெயின்ட்ல எழுதிட்டேன், மூணு ஷிஃப்ட் ஆளுங்ககிட்டயும் நேர்லயும் சொல்லிட்டேன். கயிறு பேச்சை சூப்பர்வைசரும் விட்டுட்டார்.

கழட்டின ரெண்டு சீலையும் பாலித்தீன் கவர்ல போட்டு, தேதி எழுதி, டூல் பாக்ஸ்ல வச்சிருக்கேன் அண்ணா.

பர்கூர் பழைய ஃபிட்டர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. தேதியோட எந்தப் பம்பு, எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னும் எழுதி வையுங்க. சீசன் முடிஞ்சு பம்பைப் பிரிக்கும்போது இப்போ ஓடற சீலையும் அதே மாதிரி கழுவாம எடுத்து, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு போட்டோ போடுங்க. நல்லா ஓடின முகம் எப்படி இருக்கும்னு நானும் பார்க்கணும், எங்களுக்கு எப்பவும் போனதுதானே கைக்கு வருது.