கணக்கைத் திறந்து காட்டிய நிதியமைச்சர்: எங்கள் அனுபவங்கள்

நல்லூரிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:

அரசியல்வாதிகள் பற்றிய அனுபவங்களைப் பகிரும் இந்த வாசகர் பகுதியில், அவர்களை மேடையிலும் கலியாண வீட்டிலும் கண்ட கதைகளை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் முன்னாள் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனை நான் நேரிற் கண்டதில்லை. அவருடைய கணக்கைத்தான் கண்டேன்.

பாட்டனார் பி.டி. ராஜன் 1936இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகச் சில மாதங்கள் இருந்தவர். தகப்பனார் சட்டமன்றச் சபாநாயகர். இவரோ பொறியியல் படித்து, லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியிலும் பின்னர் சிங்கப்பூரில் ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் வங்கியிலும் பணியாற்றிவிட்டு, 2016இல் மதுரை மத்திய தொகுதியில் வென்றார். குடும்பப் பெயரால் வந்த இன்னொருவர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

2021 ஓகஸ்ட் 9ஆம் திகதி, நிதியமைச்சராகி மூன்று மாதங்களில், மாநிலத்தின் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை அவர் வெளியிட்டபோது அந்த எண்ணம் மாறியது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. நான் வேலை செய்த கிளையொன்றில், திரும்பி வராத கடனை மறைக்கப் புதுக்கடன் கொடுத்துப் பழையதை அடைத்ததாகப் பேரேட்டில் எழுதியதைக் கண்டும் வாய் திறக்காமல் இருந்தவன் என்பதால், அந்த அறிக்கையை இரண்டு தடவை வாசித்தேன். பழைய ஆட்சியைச் சாடும் நோக்கம் அதில் இல்லாமலில்லை. ஆனாலும் நான்கு நாட்களின் பின் வந்த திருத்திய வரவு செலவுத் திட்டத்தில் பெற்றோல் வரியை மூன்று ரூபாய் குறைத்தது அவரே. கறாரான வங்கியாளரும் வாக்காளரை மறக்கவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். எட்டு மாதங்கள் கழித்து, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று எங்கள் நாடான இலங்கை அறிவித்தபோது நான் எரிவாயு வரிசையில் நின்றிருந்தேன். யாராவது முன்கூட்டியே எங்களுக்கும் ஐந்தொகையை விரித்துக் காட்டியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது.

வல்வெட்டித்துறையிலிருந்து, ஆசிரியை:

ஐயா எழுதிய அதே ஓகஸ்ட் மாதம் எனக்கு வேறுவிதமாக நினைவிருக்கிறது. 1990இல் போருக்குத் தப்பித் தமிழ்நாட்டுக்குப் படகேறிய என் அக்கா மதுரைப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமொன்றில் இருக்கிறார். கஜானாவில் காசில்லை என்ற அறிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இனி எங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று சலித்துக்கொண்டார். அந்த மாதம் முடிவதற்குள் முதலமைச்சர் ஸ்டாலின் முகாம்களுக்கு 317 கோடியே 40 இலட்சம் ரூபாய் அறிவித்தார். 7,469 வீடுகள் கட்டுவதும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயரை விட வீட்டையே அக்கா நம்பியிருந்தார்.

2023 மே மாதம் தியாகராஜனிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறை கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியை அக்காதான் தொலைபேசியில் சொன்னார். அமைச்சர் மாறினால் காசு நின்றுவிடுமோ என்று நான் கேட்டேன். அத்திவாரத்துக்குக் கல் இறங்கிவிட்டது என்றார்.