ரிசர்வ் சைட் பூங்காவுக்குப் பூட்டுப் போடலாமா?

நாலாவது வீதி:
கோவை காளப்பட்டிப் பக்கம் எங்கள் லேஅவுட்டின் ரிசர்வ் சைட்டில், அதாவது பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய இடத்தில், ஒரு பூங்கா இருக்கிறது. சுற்றிலும் வேலி போட்டு, கேட்டைப் பூட்டி, குடியிருப்போர் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் சாவி கொடுக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு. நான் ஆதரிக்கிறேன். காலையில் நடக்கப் போனால் பெஞ்சுக்கு அடியில் பீர் பாட்டில் கிடக்கிறது. ஊஞ்சல் சங்கிலி ஒரு பக்கம் அறுந்து, யாரோ நைலான் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். போர்வெல் போட்டதும் நடைபாதைக்குக் கல் பதித்ததும் நம் சந்தாப் பணம். காசு போட்டவர்களுக்கு முதல் உரிமை இருக்க வேண்டாமா? கருத்துச் சொல்லுங்க.

செம்மண்:
அண்ணா, அந்த இடம் நம்முடையது இல்லைங்க. லேஅவுட் போட்டவர் அப்ரூவல் வாங்கும்போதே சாலைகளையும் ரிசர்வ் சைட்டையும் அன்றைய பேரூராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். 2011-இல் காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி எல்லாம் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தபோது இதுவும் மாநகராட்சிக்குப் போய்விட்டது. இப்போதுள்ள 2019 தமிழ்நாடு கட்டட விதிகளிலும் அப்படித்தான். சாலை போக 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீதத்தை நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். நாம் கிரயம் செய்தது அவரவர் மனையை மட்டும்தான்.

நாலாவது வீதி:
பத்திரம் யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும் தம்பி. மோட்டார் எரிந்தால் ஓடுவது யார்? புல் வெட்டுபவருக்குக் கூலி கொடுப்பது யார்? திறந்த இடமாக விட்டால் என்ன ஆகும் என்று கோவையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். முதலில் மூலையில் ஒரு மேடை, அப்புறம் தகர ஷெட், அப்புறம் நாலு கார். கடைசியில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பூட்டினால் இடமாவது மிஞ்சும்.

வேப்பமரத்தடி:
நான் தினமும் சாயங்காலம் அங்கே உட்காருகிறேன். அந்த நைலான் கயிற்றைக் கட்டியது, பின்னால் இருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு அப்பாதானுங்க. ஷிஃப்ட் முடிந்து வந்தவர், பொண்ணு ஊஞ்சல் கேட்டாள் என்று, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒரு முறை உட்கார்ந்து சோதித்த பிறகுதான் அவளை ஏற்றினார். சங்கத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. பாட்டில் வருவது ராத்திரி பத்து மணிக்கு மேல். விளையாட வரும் குழந்தைகள் ஏழரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரி செய்பவனுக்காகப் பகலில் வருகிற குழந்தையைத் தடுப்பது என்ன நியாயம்?

இன்னொன்று. நமக்கு மேற்கே இருப்பது அங்கீகாரம் இல்லாமல் போட்ட மனைகள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவை என்பதால் 2017 விதிகளில் வரன்முறை செய்து கொண்டார்கள். எல்லா மனையும் விற்று வீடு கட்டிய பிறகு அங்கே பூங்காவுக்கு இடம் எங்கே மிச்சம்? அந்தக் குழந்தைகளுக்கும் இருப்பது இந்த ஒரு இடம்தான்.

தெற்கு வாசல்:
அக்கா சொல்வது மனசுக்குச் சரி. ஆனால் ஊஞ்சல் அறுந்து ஒரு குழந்தைக்கு மண்டை உடைந்தால், எல்லோரும் சங்கத் தலைவர் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். என் மாமியார் இருட்டினால் அந்தப் பக்கமே போவதில்லை. பயம் என்பது சும்மா சொல்வது இல்லைங்க.

செம்மண்:
அதற்கு வழி சங்கிலியை மாற்றி விளக்குப் போடுவது. ஆளைத் தடுத்தால் சங்கிலி சரியாகிவிடுமா? ஆக்கிரமிப்பு பற்றி அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். வேலி வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் ‘பொது ஒதுக்கீட்டு இடம்’ என்று போர்டு வைத்த வேலி. சாவி தனியார் கையில் இருப்பதும் ஒரு வகை ஆக்கிரமிப்புதான். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, 1991-இல் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனைக்கே விட்டுக்கொடுக்காத இடத்தை நாம் எப்படி உறுப்பினர் கிளப் ஆக்க முடியும்? கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஊரே நடக்கிறது. அங்கே யாராவது கார்டு கேட்கிறார்களா?

நாலாவது வீதி:
ரேஸ்கோர்ஸையும் நம் பூங்காவையும் ஒன்றாக வைக்காதே தம்பி. அங்கே பராமரிப்புக்கு ஆள் இருக்கிறார்கள், இங்கே நம் சந்தா மட்டும்தான். சரி, ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை பூட்டு, பகலில் எல்லோருக்கும் திறப்பு. இதற்குச் சம்மதம். ஆனால் ஷட்டில் கோர்ட் நாம் தனியாக வசூல் செய்து போட்டது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேப்பமரத்தடி:
கோர்ட்டுக்கு நேரம் பிரித்துக் கொள்ளலாமுங்க. காலையில் உறுப்பினர்கள், சாயங்காலம் பிள்ளைகள்.

நாலாவது வீதி:
வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்காலம்தான் நேரமே. அது நடக்காது.

செம்மண்:
கோர்ட் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் பேசுவோம். அதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திர நகலுக்கு மனுப் போட்டுவிடுகிறேன். அண்ணா, லேஅவுட்டின் சர்வே எண் உங்கள் கிரயப் பத்திரத்தில் இருக்கும். அதை மட்டும் பார்த்து அனுப்புங்க.