வௌவால் ஸ்வாப் எல்லாம் நெகட்டிவ், வைரஸே இல்லை என்று சொல்லலாமா?

கேள்வி: காட்டு வௌவால்களின் வாய், மலக்குடல் ஸ்வாப்களில் கொரோனா வைரஸ் தேடி பிசிஆர் செய்தோம். ஒன்றுகூட பாசிட்டிவ் இல்லை. அந்தக் கூட்டமே சுத்தம் என்று எழுதலாமா?

பதில் 1: தயவுசெய்து எழுதாதீர்கள். வௌவால் எந்நேரமும் வைரஸை வெளியேற்றாது, பருவத்துக்குப் பருவம் அது கூடும் குறையும், அதனால் வெவ்வேறு மாதங்களில் திரும்ப எடுங்கள். ரத்தத்தில் ஆன்டிபாடியும் பாருங்கள், பழைய தொற்று அதில் தெரியும்.

பதில் 2: எந்த ப்ரைமர் (பிசிஆரில் வைரஸ் மரபணுவில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு)? ஆர்டிஆர்பி (வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதி) மரபணுவில் அதிகம் மாறாத பகுதியைக் குறிவைத்தாலும் ரொம்ப விலகிப்போன வைரஸ் நழுவிவிடும். மெட்டாஜெனோமிக்ஸ் (மாதிரியில் உள்ள எல்லா மரபணுப் பொருளையும் படிப்பது) முடிந்தால் நல்லது. பாசிட்டிவ் வந்தாலும் சின்ன மரபணுத் துண்டோடு நிறுத்தாதீர்கள்: 2013இல் சீனாவின் யுன்னானில் எடுத்த வௌவால் மாதிரியிலிருந்து முதலில் வெளியானது ஒரு துண்டுதான், பின்னால் முழு மரபணுத்தொகுதி படித்தபோதுதான் அது கோவிட் வைரஸான சார்ஸ்-கோவ்-2உடன் சுமார் 96% ஒத்துப்போவது தெரிந்தது.

பதில் 3: அப்புறம், மாதிரிகள் உடனே குளிரில் போனதா? கொரோனா வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும்.