கண்ணில் உமி விழுந்ததாக நினைத்தோம்

அம்மாவுக்கு 1996இல் கண்புரை ஆபரேஷன். பெரிய வெட்டுப் போட்ட காலம் அது. கருவிழி ஓரத்தில் 10, 12 மில்லிமீட்டர் திறந்து, புரையை எடுத்து, லென்ஸ் வைத்து, நைலான் நூலால் தைப்பார்கள். கறுப்புக் கண்ணாடி, தலைக்குக் குளிக்காமல் இருப்பது எல்லாம் சரியாகவே பார்த்துக்கொண்டோம். பார்வை நன்றாக வந்ததும் மறுபரிசோதனைக்குப் போவதை நாங்களே விட்டுவிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து, தை அறுப்பு. நெல் தூற்றிவிட்டு வந்தவர், "கண்ணுல உமி விழுந்திருச்சு, உறுத்துது" என்றார். பக்கத்து வீட்டு அத்தை விளக்கெண்ணெய் விட்டார். ஊதினோம், கழுவினோம். நான்காம் நாள் கண் செக்கச்செவேலென்று ஆகி, வெளிச்சம் பார்க்க முடியவில்லை.

டாக்டர் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். உமியே இல்லை. அறுந்த தையல் நூலின் நுனி முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இமை மூடும்போதெல்லாம் அதில்தான் உரசியிருக்கிறது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இடுக்கியால் ஓர் இழுப்பு, வந்துவிட்டது. தலைமுடியில் பாதிகூடப் பருமன் இல்லை. அதற்காக அம்மா நான்கு இரவு தூங்காமல் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. எண்ணெய் விட்டதற்கு டாக்டர் கடுமையாகத் திட்டினார். அறுந்த நூல் வழியே கிருமி இறங்கினால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாமாம்.

பதில்: கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன் தம்பி, இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டு நூல் அளவுக்கு நைலான் கண்ணைப் புண்ணாக்காது, ஆனால் ஈரத்திலேயே கிடந்து மெல்ல நைந்து, ஓரிரு வருடத்தில் அறுந்துவிடும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, காயம் மெதுவாகத்தான் ஆறும். அதுவரைக்கும் நூல் தாங்கியாக வேண்டும். தையல் இறுகியிருந்தால் கருவிழியை ஒரு பக்கமாக இழுத்து சிலிண்டர் பவரை, அதாவது கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் பவரை, கூட்டிவிடும். காயம் ஆறியபின் அந்தத் தையலை வெட்டிவிட்டால் பவர் இறங்கும். சில வாரம் கழித்து வரச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான். அம்மாவுக்கு மற்ற தையல்களைப் பார்த்தார்களா?

பதில்: பார்த்தார்கள் அக்கா. தளர்ந்திருந்த இரண்டை எடுத்தார்கள்; உள்ளே புதைந்து உறுத்தாமல் இருந்தவற்றை விட்டுவிட்டார்கள். 2004இல் மறு கண்ணுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் சுரங்க வெட்டுத்தான் (சுரங்கம் மாதிரிச் சாய்வாக உள்ளே போகும் வெட்டு), தையலே போடவில்லை. "தைக்காம எப்படிய்யா மூடும்?" என்று அம்மா விடாமல் கேட்டார். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே சுரங்கத்தின் உள்வாயைத் தள்ளி மூடி வைக்கும் என்று டாக்டர் கையை மடித்துக் காட்டினார். இந்த முறை ஒரு பரிசோதனையையும் விடவில்லை.